மாரி கேட்ட பாதி

ஹெல்மெட் போடாமல் நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதே கிடையாது சார். இரும்புலியூரிலிருந்து தாம்பரத்துக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் பட்டையை மாட்டிக்கொள்வேன். இருபது வருஷமாக ஏ.சி. மெக்கானிக். நாலாவது மாடி சன்ஷேடில் நின்றால் இடுப்பில் கயிறு இருக்கும். பிரிட்டோ ஜாக்கிரதையான ஆள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஊசி விஷயத்திலும் அப்படித்தான். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றுகிறவன் எல்லாம் செத்துப்போவான் என்று நினைக்கிறீர்கள். சாகிறவன் யார்? நேற்று ஆரம்பித்தவன், குடித்த கையோடு இதையும் போடுகிறவன், கண்டவனிடம் வாங்குகிறவன். ஆறு வருஷத்தில் என்கூட உட்கார்ந்த ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆனதில்லை. யாருக்கு எவ்வளவு என்று நான்தான் பார்த்து ஏற்றுவேன். என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலி இல்லை, மரியாதையாகவே கூப்பிடுவார்கள்.

மாரி என் கூட்டாளி. எனக்கு அடுத்தபடி அவன் அளவுதான் பெரிசு. மூன்று மாசம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினான். திருநீர்மலைப் பக்கம் புது ஃப்ளாட்டில் பைப் வேலை. மத்தியானம் சாப்பிட்டதும் அவனே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் கூப்பிடவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"பாதி போதும் டாக்டரு. ரொம்ப நாள் உட்டுட்டு பழைய அளவு போட்டா உசுருக்கே ஒல வச்சிடுமாம். அங்க சொன்னாங்கோ."

எங்களோடு வேலை செய்கிற ஜெபின் சிரித்தான். "இன்னா டாக்டரு, இவனுக்கு உன்னவிட ஜாஸ்தி தெரியுது."

"பயம் காட்டி அனுப்பிக்கிறானுங்கோ மச்சான்" என்றேன் மாரியிடம். "உன் அளவு எனக்குத் தெரியாதா?" அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முழுசாகவே ஏற்றினேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். ஜெபின் வேலைக்குப் போனான், நான் போகவில்லை. என் சட்டையை மடித்து மாரியின் தலைக்கு வைத்தேன். அப்போது அவன் போன் அடித்தது. அவன் மனைவி கன்னியம்மா.

"தூங்கறாம்மா" என்றேன்.

"இன்னாண்ணா சத்தம் அது? அவரு கொறட்டையே உட மாட்டாரே. ஒரு மாதிரி கீதுண்ணா. நூத்தியெட்டுக்குப் போன் போடுண்ணா, உன் கால்ல வுழறேன்."

"நான் கூடவே கீறேன்ல. பேஜார் பண்ணாத."

கட் செய்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தால் சைட்டே கூடிவிடும். கால் மணி நேரத்தில் குறட்டை நின்றது. அப்பாடா, இனி நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்தேன். கன்னியம்மா ஆட்டோ பிடித்து வந்து, அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக் கத்தினாள். என்னைச் செருப்பால் அடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம்.

மூன்று மாச இடைவெளிக்கு அப்புறம் அந்த அளவை உடம்பு தாங்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் என்ன சார்? போன வருஷம் மஞ்சள் காமாலையில் இரண்டு மாசம் படுத்து எழுந்தபோது, நான் கால்வாசியில்தான் மறுபடி ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மாரிக்கும் பாதிதான் என்று காலையிலேயே மனசில் வைத்திருந்தேன். ஆனால் ஜெபினை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தான். அவன் வாயைத் திறந்து பாதி கேட்காமல் இருந்திருந்தால், பாதிதான் சார் கொடுத்திருப்பேன்.