ஜேர்மன் பாஷை படிக்கப் போன மாப்பிள்ளை

"வெள்ளைக்காரனுக்கு இங்கிலீசு போதாதெண்டு ஆருக்குக் காணும் கதை விடுறீர்?"

மருதனார்மடச் சந்தியில் நான் பஸ் ஏறினபோது, முன் வாங்கில் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்த கல்யாணத் தரகரைக் கேட்டார். தரகரின் மடியில் ஒரு சாதகக் கட்டு.

"அண்ணை, ஜேர்மனியிலை படிப்பெல்லாம் அவங்கடை பாஷையிலைதான். அந்தப் பாஷைச் சோதினை பாஸ் பண்ணினால்தான் சர்வகலாசாலைக்குள்ளை விடுவாங்கள்."

"டாக்குத்தருக்குப் படிக்கிறாரெண்டெல்லோ சொன்னனீர்? போய் ஒண்டரை வருசம். இன்னும் உள்ளையே விடேல்லையோ?"

"ரண்டு தரம் தவறிப்போச்சு. இப்ப நல்லாக் கதைக்கிறாராம்."

"ஆரோடை?"

"அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரியோடை. அவதான் பாடம் சொல்லிக் குடுக்கிறா."

"புருசன்?"

"செத்துப்போனான்."

"பிள்ளையள்?"

பஸ் சுன்னாகத்தில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம், இறங்கவில்லை.

தரகர் வெளியே பார்த்தபடி சொன்னார். "ஒரு பெட்டை. இருபத்திரண்டு வயசு. தாய்க்கு நேரமில்லாட்டில் அவள் சொல்லிக் குடுப்பாளாம். இந்தமுறை கட்டாயம் பாஸ் பண்ணுவார், அண்ணை."

"பண்ணட்டும்," என்று பெரியவர் கையை நீட்டினார். "என்ரை மகளின்ரை சாதகத்தை இங்கை தாரும்."