கிட்டாருக்குச் சொந்தக்காரர்

விருத்தாசலம் ஜங்ஷனில் கடலூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில், சட்டையெல்லாம் பீங்கான் மண் அப்பிய ஒருவர், கல்யாணக் கச்சேரிக்காரரிடம் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை நீட்டினார்.

“செத்துப்போன எம் மவன் திருடினதுங்க. யாருதுன்னு சொன்னா குடுத்துட்டு வந்துடுவேன்.”

“சீமைச் சரக்கு இல்லைங்க. யாரோ கையால செஞ்சிருக்காங்க. எந்த ஊரு, எத்தினி வருஷம்னு தெரியல.”

சொல்லிக்கொண்டே சத்தம் கூட்டும் கறுப்புக் குமிழைக் கச்சேரிக்காரர் கழற்றினார்.

“மேலதான் பெயிண்டு. உள்ள பச்சைக் கலரு பீங்கானுங்க.”

“இந்தப் பச்சைய எங்க சூளையில போன வருஷம் ஒரே தடவதான் போட்டோம்.”

“அடியில ஏதோ கீறியிருக்குதே?”

“சூளையில அடுத்தவங்க சாமானோட கலந்துடக் கூடாதுன்னு கீறுறதுங்க. இது எங்க வூட்டு அடையாளம். மவனும் இதத்தான் கீறுவான்.”

“அப்ப இந்தக் கிட்டாரே பையன் செஞ்சதுங்க.”

“அவனும் அப்படித்தான் சொன்னானுங்க. பொய் சொல்றியான்னு அடிச்சேன்.”