நிலாவில் துணி காயப் போடலாமா?

மெக்கானிக்: துணி இருக்கா?

டாக்டர்: இருக்கு.

மெக்கானிக்: எத்தனாவது பக்கத்துல?

டாக்டர்: பக்கமா? பத்திரிகையில கதைக்குப் படமே போட்டிருக்காங்க அண்ணே! நிலாவுல ஒரு அத்தை கொடி கட்டி ஈரத்துணி காயப் போடறா. பின்னாடி பூமி. அழகா வேற இருக்கு, பாழாப்போனது.

மெக்கானிக்: இப்படிக் கொடுங்க... அடடா. இந்தத் துணியை எடுக்கச் சொல்லி நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேனே! காத்தே இல்லாத ஊர்ல எவ துணி காயப் போடுவா?

டாக்டர்: நீங்க கத்தின கத்துல பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து, "யாருக்குப் பல்லு புடுங்கறீங்க"ன்னு கேட்டாரு.

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமை பல் ஆஸ்பத்திரியில அறிவியல் கதை விமர்சனம் நடக்குதுன்னு சொன்னா யாரு நம்புவா? சரி, நீங்க சேக்கச் சொன்ன ஆக்சிஜன் பம்ப்பு விளக்கம்? ரெண்டு பக்கம்?

டாக்டர்: இல்ல.

மெக்கானிக்: ஒரு பத்தி?

டாக்டர்: "பம்ப்பு ஓடிக்கிட்டே இருந்தது." அவ்வளவுதான்.

மெக்கானிக்: அநியாயம்.

டாக்டர்: அந்த ஒரு வரியிலயே ஓடுது அண்ணே பம்ப்பு. அதான் எரிச்சலா இருக்கு.

மெக்கானிக்: வேற்றுக்கிரகவாசிக்கு எத்தனை பல்லுன்னு...

டாக்டர்: இந்தக் கதையில வேற்றுக்கிரகவாசியே கிடையாது!

மெக்கானிக்: இல்லாட்டியும் நீங்க கேட்டிருப்பீங்களே.

டாக்டர்: நீங்க மட்டும் என்னவாம்? லிஃப்ட்டு ரிப்பேர் பாக்கற புத்தி! எந்தக் கிரகத்துல இறங்கினாலும், லிஃப்ட்டு இருக்கா, கயிறு என்ன தடிமன்...

மெக்கானிக்: கயிறு அறுந்தா யாரு பொறுப்பு?

டாக்டர்: கதையில அறுந்தா எழுதினவங்க பொறுப்பு. விடுங்க. என் நாத்தனார்னு பாத்து நான் சலுகை காட்டினேனா? அவளோட இந்தக் கதையை நான் கிழிச்ச கிழியில, என் வீட்டுக்காரர் ஒரு வாரம் எனக்கு முகம் கொடுத்துப் பேசல. தங்கச்சி பாசம்!

மெக்கானிக்: நாம சொல்லச் சொல்ல அது பென்சிலால அடிக்கோடு போட்டுக்கிட்டே இருந்துச்சே. பொண்ணுன்னா இப்படி இருக்கணும், சொன்ன பேச்சு கேக்குதுன்னு நினைச்சேன்.

டாக்டர்: ஒண்ணுகூடக் கேக்கல. துணி, அத்தை, பம்ப்பு, எல்லாம் அப்படியே அச்சாகியிருக்கு.

மெக்கானிக்: உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது இது?

டாக்டர்: பேஷண்ட்டுங்க படிக்க வாங்கிப் போடறதுதான். நேத்து ஒரு அம்மா, கன்னம் வீங்கி உக்காந்திருந்தவங்க, திடீர்னு அழறாங்க. வலி தாங்கலன்னு நினைச்சு ஊசியோட ஓடினேன். "வலி இல்ல டாக்டர், இந்த அத்தை..."ன்னு பக்கத்தைக் காட்டறாங்க. நாம எழுதி யாராவது அழுதிருக்காங்களா அண்ணே?

மெக்கானிக்: நீங்க எழுதாமலே தினம் நாலு பேரை அழ வெக்கறீங்களே.

டாக்டர்: விளையாடாதீங்க. மனசு விட்டுப் போச்சு. நம்ம கதைச் சங்கத்து விதி என்ன? மூணு பேரும் தலையாட்டினாத்தான் கதை இந்த வாசலைத் தாண்டணும். ஆறு வருஷத்துல ஒண்ணாவது தாண்டிச்சா?

மெக்கானிக்: எங்க தாண்டறது? எல்லாத்தையும் லிஃப்ட்டுல ஏத்தி நடுவுல நிறுத்தி வெச்சிருக்கோம்.

டாக்டர்: தரம் தரம்னு சொல்லிக்கிட்டு... நம்ம பேச்சைக் கேக்காததுதான் அச்சாகுதுன்னா நாம எதுக்கு? கலைச்சிடலாம் அண்ணே.

மெக்கானிக்: ஐயோ, கலைச்சுட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்? வீட்டுல என்னைப் பேசவே விடமாட்டாங்க. டாக்டரம்மா... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

டாக்டர்: சொல்லுங்க.

மெக்கானிக்: விண்வெளி லிஃப்ட்டுக் கதையை நானும் திருட்டுத்தனமா இதே பத்திரிகைக்கு அனுப்பினேன். நீங்க சொன்ன திருத்தம் ஒண்ணு விடாமப் போட்டு.

டாக்டர்: அப்புறம்?

மெக்கானிக்: போன வேகத்துல திரும்பி வந்துடுச்சு.

டாக்டர்: அண்ணே... நானும் அனுப்பினேன். நீங்க சொன்ன திருத்தம் ஒண்ணுகூடப் போடாம.

மெக்கானிக்: அடிப்பாவி! அப்புறம்?

டாக்டர்: அதுவும் வந்துடுச்சு.

மெக்கானிக்: அப்ப திருத்தத்து மேல மட்டும் பழி போட முடியாது.

டாக்டர்: ரொம்ப ஆறுதல். ...இருங்க, வாசல் கேட் திறக்கற சத்தம். அவதான். பத்திரிகையை மறைங்க, மறைங்க!

மெக்கானிக்: எங்க மறைக்கறது?

டாக்டர்: அது மேல உக்காருங்க!

நாத்தனார்: வந்துட்டேன் அண்ணி. லேட்டாயிடுச்சு. ...ஏன் ரெண்டு பேரும் இஞ்சி தின்ன மாதிரி இருக்கீங்க?

மெக்கானிக்: ஒண்ணுமில்லையே. சும்மா... பேசிக்கிட்டு...

நாத்தனார்: அண்ணே, பத்திரிகை ஓரம் வெளிய தெரியுது.

டாக்டர்: ஏம்மா சொல்லல?

நாத்தனார்: சொன்னா சங்கத்தைக் கலைச்சிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு அண்ணி.

டாக்டர்: நாங்க சொன்னது ஒண்ணுகூட வேண்டாம்னு தோணிச்சா உனக்கு?

நாத்தனார்: முந்தின கதையில எல்லாம் போட்டேன் அண்ணி. சத்தியமா. பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணினாரு. "யாரோ நல்லாத் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்மா. துடைக்கறதுக்கு முன்னாடி இருந்தது இருக்கா?"ன்னு கேட்டாரு. நான் அதைக் கிழிச்சுப் போட்டிருந்தேன்.

மெக்கானிக்: தலையில இடி விழ.

டாக்டர்: யாரு தலையில அண்ணே?

மெக்கானிக்: என் தலையிலதான். வேற யாரு?

டாக்டர்: அப்புறமும் எதுக்கும்மா வாராவாரம் வர்ற? பாவம் பாத்தா?

நாத்தனார்: இல்ல அண்ணி. எழுதும்போது எது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஆனா இங்க படிச்சா... ஒரு வரி வந்ததும் மெக்கானிக் அண்ணன் எழுந்து நின்னு கத்துவாரு. நீங்க கண்ணாடியைக் கழட்டுவீங்க. மத்த வரிக்கெல்லாம் ரெண்டு பேரும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு"ன்னு கொட்டாவி விடுவீங்க.

மெக்கானிக்: அப்ப அந்த அடிக்கோடு... எடுக்கறதுக்கு இல்லையா?

நாத்தனார்: விடாம வெச்சுக்கறதுக்கு.

மெக்கானிக்: டாக்டரம்மா, இது பாராட்டா, அவமானமா?

டாக்டர்: தெரியல அண்ணே. ஆனா ஆறு வருஷத்துல முதல் தடவையா நமக்கு ஒரு உபயோகம் இருக்கு. உக்காருங்க. நீ புதுசு கொண்டு வந்திருந்தாப் படிம்மா.

நாத்தனார்: கோவமா இருந்தா அடுத்த வாரம்...

டாக்டர்: படிங்கறேன்ல. இன்னைக்கு நாங்க வாயே தொறக்க மாட்டோம்.

நாத்தனார்: "செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அங்கே யாருக்கும் பல்லே கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் கதவைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார்..."

டாக்டர்: ஏம்மா, பல்லே இல்லாத ஊர்ல பல் டாக்டருக்கு என்ன வேலை? எதுக்குக் கதவைத் தொறக்கறா? யாருக்காக நாற்காலியைத் துடைக்கறா? அந்த வரியை முதல்ல எடு!

நாத்தனார்: ஒரு நிமிஷம் அண்ணி... பென்சில் எங்க வெச்சேன்... ம், அடிக்கோடு போட்டுட்டேன்.