நானா கேட்டு வாங்குன வேல

அங்கியே நில்லு. செருப்போட உள்ள வராதே, இப்பதான் தொடச்சுட்டு வரேன். பெத்த புள்ளயா இருந்தா இன்னா, இந்த முதியோர் இல்லத்துல எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்.

நான் ஒண்ணும் அயுவல. பினாயிலு கண்ணுல எரியுது. ஒடனே மூஞ்சப் பாவமா வெச்சிக்காத.

இன்னாது, தெருவுல பேசுறாங்களா? உதயகுமாரு அவங்கம்மாவ ஹோமுல தள்ளிட்டான்னா? பேசட்டும். நீ போய் சொல்லு, எங்கம்மா அங்க படுத்துகினு இல்ல, ஆயா வேல செய்துன்னு. ஓ, அது அதவிட அசிங்கமா உனக்கு? நல்லாகீதுடா உன் நாயம்.

கையப் புடிக்காதே. உடு.

அறுபது வயசுல இன்னா வேலன்னு உன் பொண்டாட்டி கேட்டாளா? சுரேகா மட்டுமா கேட்டா? முகப்பேர்ல ஒரு ஜவுளிக்கட. பொடவ மடிக்க ஆள் வோணும்னு எய்தி மாட்டிகீது. போனேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கல்லாவுல கீற பொண்ணு, பேத்திக்குக் கேக்குறீங்களா பாட்டின்றா. எனக்குத்தாம்மான்னேன். பக்கத்துல கீறவளப் பாத்து சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு.

அம்பத்தூர் எஸ்டேட்ல துணி கம்பெனி. சட்டையில தொங்குற நூலு பிசிறு வெட்டணும், அவ்ளோதான். ஊசில நூலு கோத்துக் காட்டுன்னான் சூப்பர்வைசரு. மொத தபாவே கோத்துட்டேன். அப்பால ஆதார் கார்ட வாங்கிப் பொறந்த வருசத்தப் பாத்தான். போன் பண்றோம்மான்னான். இன்னும் பண்ணிகினே கீறான். ஒரு ஸ்கூல்ல ஆயா வேல கேட்டுப் போனேன், அங்க இன்னும் மோசம். கொயந்த வியுந்தா நீ தூக்குவே, நீ வியுந்தா உன்ன யாரு தூக்குவாங்கன்றாரு அங்க ஆள் எடுக்கற ஆபீசர். சுத்தி நாலு டீச்சருங்க. உங்கப்பன் செத்தன்னிக்குக் கூட நான் அப்டி குன்னிப் போவல.

நீ சோறு போடலன்னு நான் எங்கனா சொன்னனா? போட்டே. இல்லேங்கல. சொல்றத முயுசா கேளு, நடுவுல பேசாதே.

இங்க கீற மேடம், நாகவல்லின்னு பேரு, வயசே கேக்கல. படுத்த படுக்கையா கீற ஒரு அம்மாவக் காட்டி, இவங்களப் பொரட்டிப் படுக்க வெய்யின்னாங்க. உங்கப்பன் ஸ்ட்ரோக்கு வந்து படுத்தசொல்ல யாரு பொரட்டுனது, நீயா? அந்தம்மாக்கு வலிக்காம பொரட்டிப் போட்டேன். நாளைக்கு வந்துடுன்னாங்க. தங்கறதுக்கு ரூமும் கீது. யாரு ஊட்லயும் போய் நிக்க வேண்டியதில்ல.

ஊர்ல வேற எடமே கெடைக்கலியான்னு அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறே. சொல்றேன்.

நேத்து ஒரு அம்மா வந்துது, வனஜான்னு, ஆவடிப் பக்கம். இட்டுகினு வந்த புள்ள, வண்டிய ஓரங்கட்டிட்டு வரேம்மான்னு போனவன், போனவந்தான். அந்தம்மா மடியில பூவு, தேங்கா, கற்பூரம். திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிக் கெளப்பிகீறான். நட சாத்திடுவாங்களே, சாத்திடுவாங்களேன்னு பொய்து சாயற வரைக்கும் வாசலப் பாத்துகினே குந்தினுருந்துச்சி. நாந்தான் அந்தப் பூவ வாங்கி அது தலையிலயே வெச்சி உள்ள இட்டுகினு போனேன். ஏரியப் பாத்த ஜன்னலோரத்துக் கட்டிலத் தந்தாங்க அதுக்கு.

அந்தக் கட்டில எனக்குத் தெரியும்டா. ஆடி மாசம் நீயும் என்ன அதே கோயிலுக்குன்னுதானே வண்டியில ஏத்துனே? பிரண்டோட அத்தயப் பாத்துட்டுப் போலாம்னு இங்க நிறுத்துனே. நீ ஆபீஸ் ரூம்ல பேசிகினு கீறசொல்ல, அப்ப இருந்த ஆயா வந்து என்ன உள்ள இட்டுகினு போச்சு. இதாம்மா உங்க கட்டிலு, அடுத்த மாசம் காலியாயிடும், ஃபேன் நேரா மேலயே கீது, வேக்காடு இருக்காதுன்னு சொல்லிச்சு. பாவம், எனக்குத் தெரியும்னு நெனச்சிகினு சொல்லிச்சு.

ஒண்ணுந் தெரியாதவளாட்டம் திரும்ப உன் வண்டியில ஏறிக் கோயிலுக்கு வந்தேன்.

அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் வேல தேட ஆரம்பிச்சேன். ஒருத்தனும் தரல. அந்த மாசம் முடியறதுக்குள்ள இங்கியே வந்து கேட்டுட்டேன்.

அன்னிக்குக் கோயில்ல அர்ச்சன கூட உன் பேருக்குத்தான் பண்ணேன். தள்ளு, மேல பெல்லு அடிக்கிறாங்க.