மழைத்தண்ணி டிரம்மு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“மூணு மாசமா வாயே தொறக்காத மனுசன், நேத்து ‘டிரம்மு மூடிய எடு’ன்னாருக்கா.”

“யாரு, உன் ஊட்டுக்காரரா? பக்கவாதம் வந்து படுத்துகினு இருந்தாரே!”

“ஆமாக்கா. மொட்டமாடி பைப்புக்குக் கீழ டிரம்மு வெச்சி, மழத்தண்ணி புடிச்சிதான் செடிக்கு ஊத்துவாரு. போரு தண்ணி உப்புன்னு ஊத்தவே உட மாட்டாரு. அவரு படுத்ததுலேர்ந்து டிரம்ம மூடியே வெச்சிட்டேன். நேத்து மழ சத்தம் கேட்டதும் கொழறிகினே சொன்னாரு.”

“ஓடிப்போய் எடுத்தியா?”

“எங்க போனேன்க்கா? ‘இன்னொரு தபா சொல்லுய்யா’ன்னு கையப் புடிச்சிகினு அங்கியே உக்காந்துட்டேன்.”

“சொன்னாரா?”

“மழ உட்டப்புறமும் அதையேதான் சொல்லிகினு இருந்தாரு.”