தொப்பிக்குக் கழித்தது

கம்பளித் தொப்பி போட்ட குழந்தையை எனக்கும் பிடிக்கும், ஐயா. தொப்பியைக் கழற்றினால்தான் பிடிக்காது.

குழந்தைகள் மருத்துவமனையில் நான் நர்ஸ். எடை, உயரம், தலைச்சுற்றளவு எடுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது என் வேலை. எடைக்குத் தராசு இருக்கிறது. தலையைத்தான் கையால் தொட்டாக வேண்டும். மஞ்சள் செதில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். புளித்த பால் வாடை வரும். தோலுக்கடியில் உச்சிக்குழி துடித்துக்கொண்டிருக்கும். அதில் விரல் பட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் தொப்பியின் மேலேயே டேப்பைச் சுற்றினேன். தொப்பிக்கென்று ஒரு சென்டிமீட்டர் கழித்து எழுதினேன். குழந்தையும் அழாது, வரிசையும் மளமளவென்று நகரும். கைராசிக்காரி என்று தாய்மார்களிடம் எனக்கு நல்ல பெயர்.

என் தம்பிக்குப் பெண் பிறந்தாள். தம்பி மனைவி வேறு நர்ஸிடம் போகவே மாட்டாள். "சொந்த அத்தை பாக்கும்போது எனக்கென்ன கவலை, அண்ணி?" என்பாள். அந்தக் குழந்தைக்குச் செதில் மற்றவர்களைவிட அதிகம். சொந்த ரத்தம் என்பதற்காக அருவருப்பு குறைந்துவிடுமா, சொல்லுங்கள்.

நான்காம் மாதம் அளவு அட்டையின் மேல்கோட்டைத் தாண்டியது. தொப்பி தடிமனாயிருக்கும் என்று இரண்டு கழித்தேன். புள்ளி கோட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது.

அடுத்த முறை வந்தபோது, "போன மாசம் வாங்கின தொப்பி இப்பவே ஏற மாட்டேங்குது, அண்ணி. வாந்தி வேற எடுக்கிறா," என்றாள்.

"துவைச்சா கம்பளி சுருங்கத்தான் செய்யும். பால கொஞ்சம் கொஞ்சமா குடு."

டாக்டருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. "தலை கொஞ்சம் பெருசா தெரியுதே, சிஸ்டர்?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் மண்டை பெருசுதான், டாக்டர். உள்ளதான் ஒண்ணும் இருக்காது."

அவர் சிரித்தார். அட்டையைப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அனுப்பிவிட்டார்.

பிறகு வெயில் காலம் வந்தது. மெல்லிய துணித் தொப்பியோடு குழந்தையைக் கொண்டுவந்தாள். கண்மணிகள் கீழே இறங்கி, மேலே வெறும் வெள்ளை தெரிந்தது. மண்டைக்குள் நீர் தேங்கினால் அப்படி ஆகும், படித்திருக்கிறேன். உள்ளபடி எழுதியிருந்தால் அன்றே ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் புள்ளி ஒரேயடியாக எகிறியிருக்கும். இத்தனை மாதம் எதை அளந்தாய் என்று என்னைக் கேட்டிருப்பார்கள். இருபது வருஷமாகச் சேர்த்த பெயர், ஐயா. அந்த மெல்லிய துணிக்கு நான்கு சென்டிமீட்டர் கழித்தேன். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டேன்.

"தங்கம் நல்லா இருக்கா. டாக்டர்கிட்ட காட்ட வேணாம், கூட்டிட்டுப் போ," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். கை ஈரமாக இருந்தது. போனதும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இப்போது குழந்தைக்குப் பார்வை இல்லை. கழுத்தும் நிற்காது என்கிறார்கள். தம்பி என் முகத்தில் விழிப்பதில்லை. தினமும் குளிப்பாட்டிய தாய்க்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமாம்.

ஊர் வாய்க்கு வந்ததைப் பேசட்டும். விசாரிக்க வந்த நீங்கள் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் தலையில் என் சுண்டுவிரல்கூடப் பட்டதில்லை.