ரூத்தின் கணினியில் மட்டும்

நரசிம்மன் சார் வீட்டு சாம்பாரிலிருந்துதான் இது ஆரம்பித்தது, ஐயா. 2003இல், படூரில் எங்கள் ஆபீஸில். 'கண்ணு, உன் சாம்பார் வயித்துல நின்னுகினு கீது' என்று மனைவிக்கு எழுதிய மெயிலை அவர் தவறுதலாக நாற்பது பேருக்கும் அனுப்பிவிட்டார். ஒரு வாரம் யாராலும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

"ஸ்டான்லி, இதுக்கு இன்னா வழி?" என்றார். கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். எல்லாருடைய மெயிலிலும் ஒரு சின்னக் கேள்வியை வைத்தேன். அனுப்பும்போது 'நிச்சயமாக அனுப்பலாமா?' என்று கேட்கும். 'ஆம்' என்றால் போகும், 'இல்லை' என்றால் நிற்கும்.

எல்லாருக்கும் பிடித்திருந்தது. கோபத்தில் ராஜினாமா எழுதிய வாசுதேவன் 'இல்லை'யை அழுத்திப் பிழைத்தான். "மச்சான், உன்னாலதான் என் வூட்ல அடுப்பு எரிது" என்று எனக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்தான்.

நின்றுபோன மெயில்கள் எனக்கு மட்டும் தெரிந்த ஓரிடத்தில் சேர்ந்தன. படித்தேன். அதிகமும் அடுத்த மேசை ரூத்துடையவை. ஒரே வரியை நாலு தடவை மாற்றுவாள். தயங்குகிற பெண் என்று புரிந்துகொண்டேன்.

ரூத் செய்யூர்க்காரி. அவள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவள். அடுத்த வருஷம் அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுத வேண்டும். அவள் அம்மா சாராள் சர்ச்சில் ஸ்தோத்திர ஜெபமே வைத்துவிட்டார். திங்கட்கிழமை ரூத் எழுதினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் 'ஆம்' அழுத்தினாள்.

அது போகவில்லை. முந்தின வாரமே அவள் கணினியில் மட்டும் சிறு மாற்றம் செய்திருந்தேன். போன மாதிரி காட்டும், போகாது. சிங்கப்பூர்க் கம்பெனிக்காரர்கள் ஞாபகப்படுத்தி எழுதிய மெயிலை அவள் வருவதற்குள் அழித்தேன். சீக்கிரம் வருவதில் சிரமமில்லை. காலையில் பஸ் காலியாக இருக்கும்.

"ஒரு பதில்கூட போடல ஸ்டான்லி. நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அழுதாள். "போன் பண்ணிப் பாக்கட்டா?"

"வேணாம் ரூத். கெஞ்சுற மாதிரி ஆயிடும்" என்றேன்.

முட்டுக்காட்டுக்கு அழைத்துப்போய்ப் படகில் ஏற்றினேன். மிதவைச் சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. சிரித்துவிட்டாள். மறு வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

மாற்றத்தை நான் எடுக்கவில்லை. பெங்களூர், புனே என்று பதினொரு இடங்களுக்கு எழுதினாள். "எனுக்கு எங்கயும் ராசியில்ல, உன்னத் தவிர" என்பாள். கேட்க சந்தோஷமாக இருக்கும்.

போன வாரம் கணினிகளை மாற்றும்போது நீங்கள் கண்டெடுத்தவை அவளுடைய அந்த மெயில்கள்தான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிறுத்தியவன் நான்தான். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.

ரூத்திடம் மட்டும் சொல்லாதீர்கள். மனசு உடைந்துபோவாள். இன்றுவரை நான் அவளை ஒரு தடவைகூட அழவைத்ததில்லை.